மாமாவின் வாடிக்கு அலையில் இருந்து ஒரு விளக்கு

போன மார்கழி 3ஆம் திகதி இரவு ஏழரைக்கு மாமாவின் வாடியில் (கரையில் போட்டிருக்கும் மீன்பிடிக் குடிசை) 1 வோட் எல்.ஈ.டி பல்ப் ஒன்று எரிந்தது. மழை மூன்று நாளாக விடவில்லை. கூரையில் கிடந்த சோலார் தட்டால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. அந்த வெளிச்சத்துக்கான கரண்ட் முழுவதும் வாடிக்கு முன்னால் பாறையில் அடித்துக்கொண்டிருந்த அலையில் இருந்து வந்தது. அதற்குள் ஆறு மாதமும் 36,000 ரூபாவும் போயிருந்தன. என்ன செய்தேன், எங்கே பிழைத்தது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். கிழக்குக் கரையில் இதைச் செய்துபார்க்க நினைக்கிற ஒருவருக்கு என்னுடைய முதல் நான்கு மாதமாவது மிச்சமாகட்டும்.

நான் திருகோணமலை ரவுணில் மோட்டருக்குக் கொயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மாமா உப்புவெளிக்கு வடக்கே கரையில் வாடி போட்டிருக்கிறார். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வெயிலும் நன்றாக அடிக்கும், சோலாரும் நன்றாக வேலை செய்யும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று எடுத்தால் எல்லாம் தலைகீழ். மழையும் மூட்டமுமாக இருக்கும், அலை எழும்பும், வள்ளங்கள் கரையேறிவிடும். கிழிந்த வலைகளைப் பொத்தும் வேலை இரவிரவாக நடப்பதும் அந்த நாட்களில்தான். மாமா மண்ணெண்ணெய் விளக்கை வலைக்குக் கிட்டவும் வைக்க முடியாமல், தள்ளி வைத்தால் கண்ணும் தெரியாமல் படும் பாட்டை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். வெயில் இல்லாத மாதங்களில் அலை இருக்கிறதே, அதை ஏன் பிடிக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கேதான் வந்தது.

முதல் முயற்சி ஆனி மாதம். குலுக்கினால் எரியும் டோர்ச் ஒன்று கடைக்குத் திருத்த வந்திருந்தது. உள்ளே ஒரு காந்தம் கொயிலுக்குள் ஓடும், அவ்வளவுதான். அதையே பெரிதாகச் செய்து மிதவையில் கட்டினால் அலை குலுக்கும் என்று நினைத்தேன். ஒன்றேகால் அங்குலக் குழாயில் மெல்லிய செப்புக் கம்பியை 1,200 சுற்றுச் சுற்றினேன். உள்ளே வட்டக் காந்தம் எட்டு. காந்தத்துக்கும் கம்பிக்கும் மட்டும் 7,200 ரூபா. கடை மேசையில் கையால் குலுக்கினால் எல்.ஈ.டி பளிச்சென்று எரிந்தது. கடலில் போட்டால் எரியவே இல்லை. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன், 0.15 வோல்ட். கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் திறக்கவே 0.6 வோல்ட் வேண்டும்.

கை ஒரு செக்கனில் நான்கு தடவை குலுக்கும். அலை ஒருதடவை ஏறி இறங்க ஐந்தாறு செக்கன் எடுக்கும். கொயிலில் வரும் வோல்ட் காந்தம் ஓடும் வேகத்தைப் பொறுத்தது. அலையிடம் பலம் நிறைய உண்டு, வேகம்தான் கிடையாது. போதாததற்கு ஆனி மாதக் கடலில் அலையும் இல்லை. பதினொரு நாளில் மூடிக்குள் உப்புத் தண்ணீர் இறங்கிக் காந்தங்கள் கறள் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.

அதோடு ஒரு முடிவுக்கு வந்தேன். அசையும் பொருள் ஒன்றும் தண்ணீரில் படக் கூடாது. மெதுவான அசைவை வேகமாக்க ஒரு வழியும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்யக் கூடியது காற்று. அடி திறந்த ஒரு பரலை (பீப்பாயை) தண்ணீரில் நிமிர்த்தி நிறுத்தினால் உள்ளே தண்ணீர் ஏறி இறங்கும், மேலே உள்ள காற்று வெளியே தள்ளப்பட்டுத் திரும்ப உறிஞ்சப்படும். பரலின் அகலத்தில் மெதுவாக அசைகிற காற்று, சின்ன ஓட்டையால் போகும்போது பல மடங்கு வேகமாகப் போகும். பற்சில்லு இல்லாத கியர் அது.

இது புதிய விஷயம் இல்லை. ஜப்பானில் யோஷியோ மசூதா இதே முறையில் கடலில் மிதக்கும் வழிகாட்டி விளக்குகளை எரிய வைத்தார். நமக்குக் கிட்ட, கேரளத்தின் விழிஞ்சத்தில் 1991இல் 150 கிலோவோட் நிலையம் ஒன்று கட்டினார்கள். ஸ்பெயினின் முத்ரிக்குவில் 2011 முதல் அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே 16 காற்றறைகள் வைத்து 296 கிலோவோட் நிலையம் ஒன்றை நடத்தினார்கள். எல்லாவற்றிலும் தண்ணீருக்குள் இருப்பது வெறும் சுவர்தான், சுழல்வது மேலே காற்றில்.

ஆவணியில் 200 லீற்றர் நீலப் பிளாஸ்டிக் பரல் ஒன்று 4,500 ரூபாவுக்கு வாங்கினேன். குறுக்களவு 58 சென்ரிமீற்றர், உயரம் 90. அடியை மரவாளால் சுற்றி வெட்டி எடுத்தேன். மேலே ஏற்கெனவே இரண்டு மூடி உண்டு, ஒன்று இரண்டு அங்குலம், மற்றது முக்கால் அங்குலம். மீனவர் சங்கத்தில் சொல்லி, வள்ளம் இழுக்கும் வழிக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு பாறை முகத்தை மாமா காட்டித் தந்தார். எல் இரும்பில் சட்டம், இரண்டு பட்டி, ஒட்டுக் கூலி எல்லாம் சேர்த்து 6,800. பாறை துளைக்கும் டிறிலும் ஜெனரேற்றரும் ஒருநாள் வாடகை 3,000. 12 மில்லிமீற்றர் போல்ட் நான்கு, துரு ஏறாத வகை, ஒன்று 650. புரட்டாதி முடிவதற்குள் பாறை வேலையை முடித்துவிட வேண்டும். வாடை எடுத்த பிறகு அந்த இடத்தில் நின்று துளை போட முடியாது.

ஐப்பசி நடுவில் முதல் நல்ல அலை வந்த அன்று இரண்டு அங்குல வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று கையைத் தள்ளியது, ஒரு கணம் நின்றது, பிறகு தோலைப் பிடித்து உள்ளே இழுத்தது. மாமாவும் வைத்துப் பார்த்தார். "மருமோன், இது இழுவை மூச்சுக்காரன் மாதிரி எல்லோ இழுக்குது" என்றார். ஆனால் பெரிய அலை போய்ப் பள்ளம் வரும்போதெல்லாம் கீழே "களக்" என்று ஒரு சத்தம். பரலின் அடி தண்ணீரை விட்டு வெளியே வந்து, காற்று கீழால் புகுந்துவிடுகிறது. கடல் அமைதியாக இருந்த நாளில் அளந்து 20 சென்ரிமீற்றர் மட்டும் அமிழ்த்தியிருந்தேன். அது போதாது.

இறக்கினாலும் சரிவராது. திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் சின்னதுதான், பெரிய நாட்களில் அரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஆனால் 90 சென்ரிமீற்றர் பரலுக்கு அதுவே பெரிது. வற்றில் அடி வெளியே வராத அளவுக்கு இறக்கினால், பெருக்கில் மேலே காற்றுக்கு இடமே இருக்காது. அதனால் இன்னொரு பரல் வாங்கி, இரு பக்கமும் திறந்து, கீழே சேர்த்தேன். மேல் பரலின் விளிம்பில் பத்துப் பன்னிரண்டு கீறல் போட்டு, ஒடுக்கி, கீழ்ப் பரலுக்குள் 10 சென்ரிமீற்றர் செருகி ரிவெட் அடித்து, இடைவெளி முழுவதும் சிலிக்கன் பூசினேன். இப்போது மொத்த உயரம் 165. வற்றில் 45 சென்ரிமீற்றர் அமிழும்படி பட்டிகளை இறுக்கினோம். களக் சத்தம் நின்றது.

சிலிக்கன் காய்ந்த பிறகு ஒரு சோதனை செய்யவேண்டும், அதை நான் பிறகுதான் பழகினேன். இரண்டு வாயையும் மூடிவிட்டுப் பொருத்துச் சுற்றிலும் சவர்க்கார நுரை தடவினால் காற்றுப் போகும் இடத்தில் முட்டை முட்டையாக எழும்பும். எனக்கு மூன்று ரிவெட்டில் எழும்பியது.

அப்புறம் சுழலி. என் நேரத்தைக் கூடுதலாகத் தின்றது இதுதான். முதலில் கணினியில் இருக்கும் 80 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்றை வாயில் பொருத்தினேன். நன்றாகச் சுழன்றது, வயரில் ஒன்றும் வரவில்லை. அந்த ஃபேனுக்குள் இருக்கும் சின்னச் சுற்றுப்பலகை கரண்டை உள்ளே மட்டும்தான் விடும். உடைத்து, கொயிலில் இருந்தே நேரடியாக வயர் எடுத்தேன். 1.1 வோல்ட் வரை போனது. ஆனால் காற்று வெளியே வரும்போது ஒரு பக்கம், உள்ளே போகும்போது மறுபக்கம். ஒவ்வோர் அலைக்கும் இரண்டு தடவை நின்று, திரும்பிச் சுழலத் தொடங்கவே பாதி நேரம் போய்விட்டது.

அடுத்தது வால்வு. சைக்கிள் ரியூப் ரப்பரில் நான்கு நாக்கு வெட்டி, டயோட் பாலம் மாதிரிக் காற்றுக்கும் ஒரு பாலம் கட்டினேன். எந்தப் பக்கம் வந்தாலும் ஃபேனுக்கு ஒரே பக்கக் காற்று. இரண்டு நாள் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் ரப்பர் வந்து உட்காரும் விளிம்பில் உப்புக் காய்ந்து மணல் மாதிரிப் படிந்து நாக்குகள் மூடவில்லை. கழுவினால் ஒருநாள் ஓடும். தினமும் பாறையில் ஏறிக் கழுவ மாமாவால் முடியாது.

மூன்றாவதாக, பெல்பாஸ்ட் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அலன் வெல்ஸ் 1970களின் கடைசியில் கண்டுபிடித்த சுழலியைச் செய்துபார்த்தேன். இலைகள் இருபக்கமும் ஒரே வடிவம், காற்று எந்தப் பக்கம் வந்தாலும் ஒரே பக்கமாகச் சுழலும். தேக்கில் ஆறு இலை செதுக்க நான்கு இரவு போனது. விரலால் சுண்டி வேகம் கொடுத்தால் ஓடும். அலை கொஞ்சம் சிறுத்தால் நின்றுவிடும், தானாகத் திரும்ப எழும்பாது. பெரிய நிலையங்களில் அதைத் தொடக்கிவிட வேறு ஏற்பாடு செய்ய முடியும். சின்ன அளவில் என் கையால் செதுக்கிய இலைக்கு அந்தத் தெம்பு வரவில்லை.

வழி காட்டியது கடையில் வேலை பழகும் பொடியன். பழைய இரும்புக் கடைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு களஞ்சியக் கூரையைக் காட்டினான். வெக்கையை வெளியேற்ற வெங்காயம் மாதிரி ஒன்று வைத்திருப்பார்களே, அது சுழன்றுகொண்டிருந்தது. "அண்ணை, அங்க பாருங்கோ. காத்து எந்தப் பக்கத்தால வந்தாலும் அது ஒரே பக்கந்தானே சுத்துது?" என்று கேட்டான். சைக்கிளை அப்படியே நிறுத்திவிட்டேன். காற்று நேரே இலைக்குள் ஊடுருவ வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். குறுக்காக அடித்தால் போதும்.

அன்றிரவே இரண்டு அங்குல பிவிசி குழாயில் 10 சென்ரிமீற்றர் துண்டு வெட்டி, நெடுக்காக இரண்டாகப் பிளந்தேன். இரண்டு பாதியையும் எஸ் வடிவில், நடுவில் 12 மில்லிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வைத்து, மேலும் கீழும் ஒரு பழைய சிடி ஒட்டினேன். சிடிக்கு நடுவில் ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் அச்சு தானாகவே நடுவாக வந்துவிடும். இதற்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இரண்டு வாய், ஒவ்வொன்றும் 10 க்கு 2 சென்ரிமீற்றர் கீறல்.

இங்கேயும் ஒருநாள் பிழைத்தது. இரண்டு கீறலையும் ஒரே உயரத்தில் வெட்டிவிட்டேன். காற்று இரு பக்கமும் மேல் இலையையே அடித்தது, போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் சுழன்றது. கீறல்கள் மூலைக்கு மூலை இருக்க வேண்டும். இடப்பக்கத்துக் கீறல் மேல் பாதியில், வலப்பக்கத்துக் கீறல் கீழ்ப் பாதியில். இடமிருந்து வரும் காற்று மேல் இலையை வலப்புறம் தள்ளும், வலமிருந்து வரும் காற்று கீழ் இலையை இடப்புறம் தள்ளும். இரண்டும் ஒரே சுற்றுத்தான். இதை எழுதினால் மூன்று வரி, கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிவிசி பெட்டி போனது.

அச்சில் பழைய கசெட் ரெக்கோடரின் கனமான சில்லை மாட்டினேன், காற்றுத் திரும்பும் அந்த ஒரு கணத்தைத் தாண்ட. அதன் மறுமுனையில் பிறின்ரரில் இருந்து கழற்றிய 24 வோல்ட் மோட்டர், 800 ரூபா. பரல் வாயில் இருந்து 60 சென்ரிமீற்றர் குழாயை மேலே எடுத்து, வளைவு போட்டுத்தான் பெட்டியை வைத்தேன். இல்லாவிட்டால் பெரிய அலைக்கு உப்புத் தண்ணீரே சுழலியில் பீறியடிக்கும்.

கார்த்திகை கடைசியில் மீற்றரை வைத்தபோது அலைக்கு ஏற்றபடி 3 வோல்டுக்கும் 9 வோல்டுக்கும் இடையில் ஏறி இறங்கியது. பூச்சியத்துக்குப் போகவே இல்லை. அந்த ஊசியை மாமாவும் நானும் மழைக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சரி, பற்றரியில் ஏற்றலாம் என்று பழைய லப்டொப் பற்றரியில் இருந்து எடுத்த லித்தியம் செல் ஒன்றை மாட்டினேன். மோட்டரில் இருந்து ஒரு ஷொட்கி டயோட், 1,000 மைக்ரோ ஃபரட் கண்டன்சர், 5 வோல்ட் ஆக்கித் தரும் பலகை, அதன் பிறகு டிபி4056 சார்ஜ் பலகை. மாட்டியதும் சுழலி நின்றுவிட்டது. கழற்றினால் ஓடும், மாட்டினால் நிற்கும். அந்தப் பலகை வாங்கும்போதே 1 அம்பியர் இழுக்கும்படி வந்திருக்கிறது, என் சுழலிக்கு அதில் பத்தில் ஒன்றுதான் தாங்கும். பலகையில் கரண்டைத் தீர்மானிக்கும் 1.2 கிலோ ஓம் தடையைக் கழற்றி 10 கிலோ ஓம் வைத்தால் 130 மில்லி அம்பியராகக் குறையும். ஒரு ரூபா இரண்டு ரூபாச் சாமான். அதை மாற்றியதும் மார்கழி 3இல் விளக்கு எரிந்தது.

நல்ல வாடையில் சராசரி அரை வோட் கிடைத்தது, அலை சிறுத்த நாளில் அதில் கால்வாசி. பத்து மணித்தியாலம் ஓடினால், நடுவில் இழப்புப் போக, 1 வோட் விளக்கை மூன்று மணித்தியாலம் எரிக்கலாம். அலையில் இருக்கும் சக்திக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. உயரத்தின் வர்க்கத்தை, ஓர் அலைக்கும் அடுத்ததுக்கும் இடையிலுள்ள செக்கன்களால் பெருக்கிப் பாதியாக்கினால் ஒரு மீற்றர் அகலத்துக்கு எத்தனை கிலோவோட் என்று வரும். 70 சென்ரிமீற்றர் அலை, 6 செக்கன் என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவோட். அது ஆழ்கடல் கணக்கு, கரையில் குறையும். அப்படிப் பார்த்தாலும் என் பரலுக்கு முன்னால் சில நூறு வோட் வந்து போகிறது, நான் எடுத்தது அரை வோட். இன்னும் எவ்வளவு எடுக்க முடியும் என்பது எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

19ஆம் நாள் மோட்டர் இறுகிவிட்டது. திறந்தால் பிரஷ்ஷைச் சுற்றி வெள்ளையாக உப்பு. மோட்டரைக் காற்று ஓடும் பெட்டிக்குள்ளேயே வைத்தது என் பிழை. இரண்டாவது மோட்டரை வெளியே தனி டப்பாவில் வைத்து, அச்சை மட்டும் கிறீஸ் நிரப்பிய பித்தளைப் புஷ்ஷுக்குள்ளால் விட்டேன். அது கடைசி வரைக்கும் ஓடியது. மார்கழி நடுவில் கடல் மிகவும் மூர்க்கமாக வந்த இரண்டு நாள் சுழலிப் பெட்டியைக் கழற்றி வாடிக்குள் வைத்துவிட்டு, பரலின் இரண்டு மூடியையும் திறந்து விட்டோம். பரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்ப்பட்டியின் இரண்டு போல்ட்டும் பாறையில் ஆடத் தொடங்கியிருந்தன.

விளக்கு எரிந்தது வரைக்குமான 36,000இல் தோல்விக்குப் போனது 8,200. காந்தமும் செப்பும் 7,200, ஃபேன், ரப்பர், தேக்குத் துண்டு 1,000. மிச்சம் 27,800இல் பரல்களும் இரும்பு வேலையும் பாறை வேலையுமே 21,400. மோட்டர் 800, எலக்ட்ரோனிக்ஸ் 1,450, செல் கூடு 250, சிலிக்கன் 1,150, கரைக்கு 25 மீற்றர் வயர் 2,750. அதே காசுக்கு இன்னொரு சோலார் தட்டும் பெரிய பற்றரியும் வாங்கியிருக்கலாம், வெயில் காலத்தில் அது இதைவிடப் பல மடங்கு தரும். எனக்கு வேண்டியிருந்தது மாரிக்கு.

அடுத்த தடவை போல்ட் நான்குக்குப் பதில் ஆறு போடுவேன், துளை 10 சென்ரிமீற்றருக்குப் பதில் 15, வெறும் இறுக்கலாக விடாமல் எப்பொக்சி ஊற்றி. பரலின் கடல் பக்கத்து அடி விளிம்பை 15 சென்ரிமீற்றர் மேலே உயர்த்தி வெட்டுவேன், அலை நேரே உள்ளே வர. கீறலின் அகலத்தை மாற்றக்கூடிய ஒரு தகடு வேண்டும். அலை சிறுத்தால் ஒன்றரை சென்ரிமீற்றர், பெருத்தால் இரண்டரை. இந்தத் தடவை ஒவ்வோர் அகலத்துக்கும் பெட்டியையே புதிதாகச் செய்தேன். இரண்டாவது பரல் தொகுதி ஒன்றைப் பக்கத்துப் பாறையில் வைத்தால், ஒன்று உறிஞ்சும்போது மற்றது தள்ளுமா என்றும் பார்க்க வேண்டும்.

தை முடிய அலை அடங்கியது. மாசி முதல் கிழமை பரலைக் கழற்றிக் கரைக்கு உருட்டி வந்தோம். உள்பக்கம் தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் கொட்டலசு ஒட்டியிருந்தது, கீழ் 40 சென்ரிமீற்றர் கையே வைக்க முடியாத அளவுக்கு. மாமா வள்ளத்துக்கு அடியில் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஐப்பசிக்கு முன்னம் திரும்பப் பூட்டோணும், நினைச்சுக்கொள்" என்று சொல்லிவிட்டுச் சுரண்டத் தொடங்கினார்.